இணையப் பட முகமைகள் வழியாக ஒளிப்படங்களை விற்கத் தொடங்குவது எப்படி?

ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக், ஐஸ்டாக், அலமி போன்ற தளங்களில் ஒரு படம் விற்பனையாகும்போது, வாங்குபவருக்குக் கிடைப்பது அந்தப் படத்தைப் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. பதிப்புரிமை படம் எடுத்தவரிடமே இருக்கும். ஆகவே ஒரே படத்தைப் பலருக்குப் பலமுறை விற்கலாம். ஒரே நேரத்தில் பல தளங்களிலும் வைக்கலாம். உரிமத்தை விற்பதென்றால், அந்தப் படத்தில் பிறருடைய உரிமை எதுவும் சிக்கியிருக்கக் கூடாது. தேடுபவர் கண்டெடுக்கும்படி அதன் விவரமும் சரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். படம் எடுப்பதற்குக் காட்டும் கவனத்தை இந்த இரண்டு வேலைகளுக்கும் காட்டத் தயாராக இருப்பவருக்கே இந்தத் தொழில் பலன் தரும்.

தொடக்கத்தில் இரண்டு தளங்கள் போதும். முன்பு ஃபோட்டோலியா என்ற பெயரில் இயங்கி, 2015ஆம் ஆண்டில் அடோபி நிறுவனத்தின் கைக்கு வந்த அடோபி ஸ்டாக், ஒளிப்படங்களுக்கு விற்பனை மதிப்பில் 33 விழுக்காட்டைத் தருகிறது. ஷட்டர்ஸ்டாக்கில் 2020ஆம் ஆண்டு ஜூன் முதல் பங்கு 15 விழுக்காட்டில் தொடங்கி, விற்பனை எண்ணிக்கைக்கு ஏற்ப 40 விழுக்காடு வரை ஆறு படிகளாக உயர்கிறது. ஆனால் ஒவ்வொரு ஜனவரி முதல் நாளும் எல்லோரும் மறுபடி முதல் படிக்குத் திரும்ப வேண்டும். பிரித்தானியாவின் அலமி, செய்தி, பயணம், ஊர் வாழ்க்கை சார்ந்த படங்களுக்கு ஏற்ற இடம். ஒரே நிறுவனத்துக்கு மட்டும் தருவதாக ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தங்களும் உண்டு. உங்கள் படங்கள் எங்கே விற்கின்றன என்று தெரியாத முதல் ஆண்டில் அவற்றில் கையெழுத்திடாமல் இருப்பதே நல்லது.

கருவியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். முதன்மையான தளங்கள் கேட்பது குறைந்தது 4 மெகாபிக்சல். இன்றைய நல்ல கைபேசியே அதைத் தாண்டிவிடுகிறது. படத்தைக் கணினியில் நூறு விழுக்காடு பெரிதாக்கி, குவியம் சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா, நிழற்பகுதிகளில் நாய்ஸ் எனப்படும் புள்ளிப் புள்ளியான இரைச்சல் தெரிகிறதா, வானத்தில் சென்சார் தூசியின் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அளவுக்கு மீறிக் கூர்மையாக்குவதும் நிறத்தை ஏற்றுவதும் நிராகரிப்பைத் தேடித் தரும். திரைகளுக்கும் இணையத்துக்கும் பொதுவான எஸ்ஆர்ஜிபி (sRGB) நிறவெளியில், உயர்ந்த தரத்தில், ஜேபெக் கோப்பாகச் சேமியுங்கள். உங்கள் பெயரோ வாட்டர்மார்க்கோ படத்தின்மேல் இருக்கக் கூடாது.

எதை எடுப்பது என்ற கேள்விக்கு என் விடை, உங்களுக்கு மிக அருகில் இருப்பதை எடுங்கள் என்பதே. சூரியன் மறையும் கடற்கரையும் ரோஜாப்பூவும் இந்தத் தளங்களில் மலைமலையாகக் குவிந்து கிடக்கின்றன. நாற்று நடவு, உப்பளத்தில் உப்பு வாருதல், தறியில் துணி நெய்தல், அரசுப் பேருந்தின் காலை நெரிசல், வீட்டுச் சமையலறையில் இட்லி ஊற்றும் கை ஆகியவற்றை உள்ளிருந்து அறிந்து எடுத்த படங்கள் அந்த அளவுக்கு இல்லை. வாங்குபவர் பெரும்பாலும் வடிவமைப்பாளர், பாடநூல் பதிப்பாளர், இதழாசிரியர், விளம்பர நிறுவனத்தார். அவர்கள் படத்தின்மேல் எழுத்து வைப்பார்கள். ஆதலால் ஒரு பக்கம் வெற்றிடம் விட்டு, கிடையாகவும் நெடுக்காகவும் எடுத்து வையுங்கள். பண்டிகைப் படங்களை வாங்குபவர்கள் மாதக்கணக்கில் முன்னதாகவே தேடுவதால், இந்தப் பொங்கலுக்கு எடுத்தது அடுத்த பொங்கலுக்குத்தான் விற்கும் என்று திட்டமிட வேண்டும்.

இனி உரிமை பற்றி. அடையாளம் தெரியும் மனிதர் ஒருவர் படத்தில் இருந்தால், அதை விளம்பரம் உள்ளிட்ட வணிகப் பயன்பாட்டுக்கு விற்க அவருடைய கையெழுத்திட்ட மாடல் ரிலீஸ் எனப்படும் ஒப்புதல் படிவம் வேண்டும். முகம் தெரியாவிட்டாலும், பச்சைக் குத்தியதாலோ உடையாலோ தன்னை அவர் அடையாளம் காண முடியுமென்றால் படிவம் தேவைப்படலாம். பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும். உங்களை நீங்களே எடுத்துக்கொண்ட படத்துக்கும் படிவம் உண்டு. எல்லா நிறுவனங்களும் மாதிரிப் படிவத்தைத் தருகின்றன. கைபேசியிலேயே கையெழுத்து வாங்கும் செயலிகளும் இருக்கின்றன.

இந்தப் படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், கையெழுத்திடுபவருக்கு அதன் பொருள் புரியாமல் போவது மிக எளிது. வயலில் வேலை செய்யும் அம்மாவிடமோ சக்கரத்தில் பானை வனையும் பெரியவரிடமோ, "இந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம், வேற நாட்டு விளம்பரப் பலகையிலகூட உங்க முகம் வரலாம், பிறகு நிறுத்தச் சொன்னாலும் முழுசா நிறுத்த முடியாது, உங்களுக்குச் சம்மதமா?" என்று தமிழில் முழுமையாகச் சொல்லிக் கேட்க வேண்டும். அவர்களுடைய நேரத்துக்கு உரிய தொகையையும் அப்போதே கொடுங்கள். நோயாளியாகவோ குற்றவாளியாகவோ ஒருவரைச் சித்தரிக்கும் பயன்பாட்டை நிறுவனங்களின் உரிம விதிகள் கட்டுப்படுத்துகின்றன என்றாலும், உலகெங்கும் எங்கே என்ன நடக்கிறது என்று நாம் காவல் காக்க முடியாது. தயக்கம் தெரிந்தால் வற்புறுத்தாமல் விட்டுவிடுவதே மரியாதை.

ஒப்புதல் பெற முடியாத சந்தை, தேர்த் திருவிழா, ஊர்வலம் போன்ற படங்களை எடிட்டோரியல் என்ற பிரிவில் தரலாம். செய்தி, கட்டுரை, பாடநூல் ஆகியவற்றுக்கு மட்டும் அவை விற்கும். ஷட்டர்ஸ்டாக் போன்ற இடங்களில் அதற்கான விவரத்தை ஊர், நாடு, தேதி என்று தொடங்கி, நிகழ்ந்ததை நிகழ்ந்தபடி எழுத வேண்டும். காட்சியை மாற்றும் திருத்தம் எதையும் செய்யக் கூடாது. மனிதர் இல்லாத படத்திலும் சிக்கல் ஒளிந்திருக்கும். எண்ணெய்ப் பொட்டலத்தின் சின்னம், சட்டையில் உள்ள முத்திரை, சுவரோவியம், பிறர் வடித்த நவீனச் சிற்பம் ஆகியவை வணிகப் பிரிவில் நிராகரிக்கப்படும். இரவில் ஒளிரும் ஈஃபில் கோபுரத்தின் விளக்கமைப்புக்கும், மும்பையின் தாஜ் மஹால் பேலஸ் விடுதிக் கட்டடத்தின் தோற்றத்துக்கும்கூட உரிமைக் கோரிக்கை உண்டு. தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம் போன்று இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இடங்களில் கேமராவை முக்காலியில் (டிரைபாட்) வைத்து எடுப்பதற்கு முன்அனுமதி பெற வேண்டும்.

அடுத்த பெரிய வேலை குறிச்சொற்கள், அதாவது தேடுபவர் படத்தைக் கண்டெடுக்க உதவும் சொற்கள். ஷட்டர்ஸ்டாக்கில் 7 முதல் 50 வரையும், அடோபி ஸ்டாக்கில் 49 வரையும் தரலாம். அடோபியில் வரிசைக்கு மதிப்பு உண்டு; முதல் பத்துச் சொற்களே தேடலில் அதிகம் உதவும் என்பதால் முக்கியமானவற்றை முன்னால் வையுங்கள். வாங்குபவர்களில் பலர் ஆங்கிலத்தில் தேடுகிறார்கள். அதுவும் நம் ஊர் ஆங்கிலத்தில் அல்ல. கத்தரிக்காயை நாம் பிரிஞ்சால் என்போம். அமெரிக்கர் எக்பிளாண்ட் என்றும் பிரித்தானியர் ஓபர்ஜீன் என்றும் தேடுவார்கள். முருங்கைக்காயை டிரம்ஸ்டிக் என்று மட்டும் குறித்தால், கோழிக்கால் தேடுபவருக்குத்தான் அது போய்ச் சேரும். மொரிங்கா ஒலிஃபெரா என்ற தாவரப் பெயரையும் சேர்க்க வேண்டும். தூத்துக்குடி என்பதோடு டூட்டிகோரின் என்பதையும், தஞ்சாவூர் என்பதோடு டேன்ஜோர் என்பதையும் எழுதினால் பழைய பெயரில் தேடுபவரும் வந்தடைவார். பொருளை முதலில், செயலை அடுத்து, இடத்தையும் உணர்வையும் பின்னர் எழுதுவது நல்ல முறை. படத்தில் இல்லாததைச் சேர்ப்பது தேடுபவரை ஏமாற்றுவதாகும். நிராகரிப்புக்கும் அது காரணமாகும். அடோபி பிரிட்ஜ் போன்ற இலவச மென்பொருளில் தலைப்பையும் குறிச்சொற்களையும் கோப்பினுள்ளேயே பதித்துவிட்டால், ஒவ்வொரு தளத்திலும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

ஒரே காட்சியின் நாற்பது படங்களை அனுப்பாமல், உண்மையில் வேறுபட்ட மூன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒத்த படங்கள் என்ற காரணத்தால் நிராகரிப்பது மிகச் சாதாரணம். அலமி தரச் சோதனை செய்யும் முறையில், ஒரு படத்தின் குறை அதனுடன் அனுப்பிய எல்லாவற்றையும் தோல்வியடையச் செய்யக்கூடும் என்பதால் அங்கே ஐயமுள்ள படத்தை விட்டுவிடுவது புத்திசாலித்தனம். செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படங்களை அடோபி ஸ்டாக் அடையாளமிட்டு ஏற்கிறது. ஷட்டர்ஸ்டாக்கும், ஐஸ்டாக்கை நடத்தும் கெட்டி இமேஜஸ் நிறுவனமும் பங்களிப்பாளர்களிடமிருந்து அவற்றை ஏற்பதில்லை.

வருமானம் மெதுவாகவே வரும். ஷட்டர்ஸ்டாக்கில் ஒரு விற்பனைக்கு 10 சென்ட் மட்டும் கிடைக்கும் நாட்கள் உண்டு. சில நூறு நல்ல படங்கள் சேரும் வரை இதை மாதச் சம்பளமாக எண்ண வேண்டாம். அடோபி ஸ்டாக்கில் கணக்கில் 25 டாலர் சேர்ந்த பிறகே பணத்தைக் கோர முடியும். முதல் விற்பனைக்குப் பின் 45 நாட்களும் கடந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் நடக்கும் விற்பனையின் பங்கில் 30 விழுக்காடு வரி பிடிக்கப்படும். கணக்கு தொடங்கும்போதே, அமெரிக்கர் அல்லாதவருக்கான அமெரிக்க வரிப் படிவமான டபிள்யூ-8பிஇஎன் (W-8BEN) படிவத்தில் உங்கள் பான் எண்ணைக் கொடுத்து, இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டால் அது 15 விழுக்காடாகக் குறையும். இந்தத் தொகையை இந்திய வருமானவரிக் கணக்கிலும் காட்டி, அங்கே பிடித்த வரிக்குக் கழிவு கோரலாம். ஆதலால் மாதாந்திர அறிக்கைகளைப் பத்திரப்படுத்துங்கள். இந்த வரிப் படிவம் கையெழுத்திட்ட ஆண்டுக்கு அடுத்த மூன்றாம் ஆண்டின் இறுதியில் காலாவதியாகிவிடும் என்பதையும் குறித்து வைத்து, அதற்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள்.