வழிதவறி வந்த பறவையைக் கண்டால்

வழக்கமான வாழிடத்துக்கு வெகுதொலைவில் ஒரு பறவை தென்பட்டால், கையேட்டைப் புரட்டுவதற்கு முன்பே படமெடுத்துவிடுங்கள். அழகாக அமைய வேண்டியதில்லை, அலகு, கால், வால், விரித்த சிறகின் இருபுறமும் தெரிந்தால் போதும். ஆசியாவின் வடகிழக்குக் கரைக்குரிய ஸ்டெல்லர் கடற்கழுகு 2020இல் அலாஸ்காவின் உட்பகுதியிலும், 2021இல் டெக்சாஸிலும் பிறகு கனடாவின் கிழக்கிலும் தென்பட்டபோது, எல்லாம் ஒரே பறவைதான் என்று கருத உதவியவை அதன் சிறகிலிருந்த வெள்ளைத் திட்டுகளே.

இறகு நுனிகள் கூண்டுக் கம்பியில் உரசித் தேய்ந்தவைபோல் உள்ளனவா, காலில் வளையம் உண்டா என்றும் பாருங்கள். தப்பிவந்த வளர்ப்புப் பறவையாகவும் இருக்கலாம். ஆய்வாளர்கள் மாட்டிய வளையமாகவும் இருக்கலாம் என்பதால், அதிலுள்ள எழுத்தையும் எண்ணையும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். குரலைக் கைப்பேசியிலேயே பதியலாம். களைத்து வந்த பறவை இரைதேடும்போது நெருங்கிச் சென்று கலைக்காமல், இடமும் நேரமும் சேர்த்து அன்றே ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிவேற்றுங்கள்.