பெட்டா மீனுக்கு வீட்டில் மருந்து கொடுப்பது: முதலில் தண்ணீரை அளந்துகொள்ளுங்கள்

என்னுடைய நீலப் பெட்டா, துடுப்புகளை உடலோடு ஒட்டிக்கொண்டு தொட்டியின் ஒரு மூலையில் கிடந்தபோது, எந்த மருந்தை வாங்குவது என்ற ஒரே கேள்விதான் என் மனத்தில் இருந்தது. மருந்தை ஓரளவு சரியாகவே தேர்ந்தெடுத்தேன். பிழை நேர்ந்தது அளவில். ஆகவே இந்த விளக்கத்தில் அளவைப் பற்றிய பகுதி மற்றவற்றைவிட நீண்டிருக்கும். தண்ணீர் மாற்றுவதும் குளோரின் நீக்குவதும் உங்களுக்குப் பழக்கமானவை என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. மருந்துக்கு முன் தண்ணீர்ச் சோதனை

மீனின் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்தில் இருக்க வேண்டும். வெப்பநிலை 25 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் நிலையாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறியிருந்தாலே பெட்டா சோர்ந்துவிடும், துடுப்பின் ஓரமும் அழுகத் தொடங்கும். தொடக்க நிலையிலுள்ள துடுப்பு அழுகல் பல நேரங்களில் சுத்தமான தண்ணீரிலேயே ஆறிவிடுகிறது. எடுத்த தண்ணீரில் சோதனைத் திரவத்தைத் துளியாக விட்டு நிறம் பார்க்கும் முறையையே நான் நம்புகிறேன். நனைத்துப் பார்க்கும் அட்டைகளில் நிறங்களைப் பிரித்தறிவது எனக்கு ஒருபோதும் எளிதாக இருந்ததில்லை.

2. நோயை இனங்காணுதல்

உப்புப் பரல் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது வெண்புள்ளி நோய். அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்க்கும்போது பொன்தூள் பூசியதுபோல் மின்னினால் அது வெல்வெட் நோய். மேலிருந்து பார்க்கையில் வயிறு உப்பி, செதில்கள் சிலிர்த்து நின்றால் உடலின் உட்புறம் ஏற்கெனவே பழுதுபட்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையிலிருந்து மீள்பவை மிகச் சிலவே. எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்று விற்கப்படும் கலவைகளை நான் வாங்குவதில்லை. நோய் இன்னதென்று தெரியாமல் நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கவும் வேண்டாம். ஐயமிருந்தால் மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

3. தனித் தொட்டி

மணலும் செடியும் இல்லாத வெறுந்தொட்டியும், ஹீட்டரும், மூடியும் போதும். பெட்டா தண்ணீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றைச் சுவாசிக்கும் மீன். நோயுற்ற மீனுக்கு அந்தப் பயணமே களைப்பைத் தரும் என்பதால் தண்ணீரின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். வடிகட்டி இல்லாத இடத்தில் அம்மோனியா விரைவில் ஏறுமாகையால் நாள்தோறும் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரையாவது, அதே வெப்பநிலையில், மாற்ற வேண்டியிருக்கும்.

4. அளவு: நான் இடறிய இடம்

தொட்டியின் மேல் எழுதியிருக்கும் கொள்ளளவை வைத்து மருந்தைக் கணக்கிடாதீர்கள். 30 × 20 × 25 சென்டிமீட்டர் தொட்டி 15 லிட்டர் கொள்ளும். ஆனால் தண்ணீர் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கே நின்றால் உள்ளே இருப்பது 9 லிட்டர்தான். நான் இப்போது கணக்குப் போடுவதையே விட்டுவிட்டு, ஒரு லிட்டர் குடுவையால் எண்ணி ஊற்றி, தண்ணீர் நிற்கும் உயரத்தில் வெளிக்கண்ணாடியில் ஒரு பட்டையை ஒட்டிவிடுகிறேன்.

அன்று நான் 10 லிட்டர் தண்ணீரில், லிட்டருக்கு 2 கிராம் என்ற கணக்கில் 20 கிராம் உப்பை (சோடியம் குளோரைடு) மருந்தாகக் கரைத்தேன். அதுவரை சரி. மறுநாள் 3 லிட்டரை மாற்றிவிட்டு மீண்டும் 20 கிராமைப் போட்டேன். வெளியேறிய 3 லிட்டரோடு போனது 6 கிராம் மட்டுமே என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இரண்டாம் நாள் 34 கிராம், மூன்றாம் நாள் ஏறத்தாழ 44, நான்காம் நாள் 51 என்று, நான் நினைத்ததைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் உப்பு சேர்ந்துவிட்டது. மீன் அடியில் பக்கவாட்டாகச் சாய்ந்து கிடந்தபோது நோய் முற்றிவிட்டதென்றே எண்ணினேன். உப்பில்லாத தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்த பிறகுதான் அது நிமிர்ந்தது.

எனவே மாற்றிய தண்ணீருக்கு உரிய உப்பை மட்டும் வெளியே கரைத்துச் சேர்க்க வேண்டும். ஆவியாகிக் குறைந்த தண்ணீரை உப்பில்லாத தண்ணீரால் பட்டைவரை நிரப்பினால் போதும், ஏனெனில் உப்பு ஆவியாவதில்லை. கரண்டியால் அளக்காமல் சிறு தராசால் நிறுங்கள். பரலின் பருமனைப் பொறுத்து ஒரே கரண்டி வெவ்வேறு எடை காட்டும். எப்சம் உப்பு இதற்கு மாற்றாகாது. அது மெக்னீசியம் சல்ஃபேட், வேறொரு பொருள்.

குப்பி மருந்துகளில் இன்னொரு சிக்கல் உண்டு. 40 லிட்டருக்கு 1 மில்லிலிட்டர் என்று எழுதியிருந்தால் 10 லிட்டருக்குக் கால் மில்லிலிட்டர்தான் தேவை, அதைத் துல்லியமாக எடுப்பது கடினம். 1 மில்லிலிட்டர் மருந்தை 9 மில்லிலிட்டர் தண்ணீரில் கலந்து, அதிலிருந்து ஊசியில்லாத சிரிஞ்சால் 2.5 மில்லிலிட்டர் எடுத்தால் கணக்கு சரியாகிவிடும். தண்ணீர் மாற்றிய பின் மறுபடி எவ்வளவு விட வேண்டும் என்பதை மட்டும் குப்பியின் குறிப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துகள் உப்பைப்போல் தண்ணீரில் அப்படியே தங்குவதில்லை.

5. எத்தனை நாள்

வெண்புள்ளி நோயில், புள்ளிக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை மருந்து தொடாது. அது மீனைவிட்டு விழுந்து, பெருகி, நீந்தித் திரியும் பருவத்தில்தான் சாகும். ஆகையால் கடைசிப் புள்ளி மறைந்த அன்றே நிறுத்தாமல், குறிப்பிலுள்ள காலம் முடியும்வரை தொடருங்கள்.

பின்சேர்க்கை: தனித் தொட்டி இல்லாத வாசகர் ஒருவர், பெரிய தொட்டியிலேயே மெத்திலீன் புளூ விட்டதாகவும், மறுநாள் காலையில் நீல நிறமே காணவில்லை என்றும் எழுதியிருந்தார். வடிகட்டியிலிருந்த கரி மருந்தை முழுவதும் உறிஞ்சிவிட்டது. கரியை எடுத்துவிட்டால் நிறம் நிற்கும். ஆனால் அந்த மருந்து வடிகட்டியில் வளர்ந்த நல்ல பாக்டீரியாக்களையும் அழித்து, கண்ணாடி ஒட்டிய சிலிக்கோனிலும் கறையை விட்டுச்செல்லும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தனித் தொட்டியாக்குவதே மேல்.

6. திரும்ப விடுதல்

உப்பை ஒரே நாளில் நீக்காமல், உப்பில்லாத தண்ணீரால் மூன்று நான்கு முறை மாற்றிக் குறைத்த பிறகு மீனைப் பழைய தொட்டிக்கு மாற்றலாம். அந்த நாள்களில் வாலின் ஓரத்தில் கண்ணாடித் தாள்போல் நிறமற்ற மெல்லிய விளிம்பு ஒன்று தோன்றும். அழுகல் திரும்பிவிட்டதென்று எண்ணி நான் மறுபடியும் மருந்துக் குப்பியை எடுத்தது அதைப் பார்த்துத்தான். அழுகும் ஓரம் கிழிசலாகவும் கருத்தோ சிவந்தோ இருக்கும். நிறமற்றுத் தெளிவாக இருப்பது புதிதாக வளரும் துடுப்பு, சில வாரங்களில் அதில் நிறம் ஏறிவிடும்.