ஜப்பானிய ரோல்பிளேயிங் கேம்களுக்குத் தீர்ப்பு எழுதுகிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

ஒரு குழுவை வளர்த்துக்கொண்டு நீண்ட கதை வழியே போகும் ஜப்பானிய ரோல்பிளேயிங் கேம்களைப் பற்றிய விமர்சனங்களில் இரண்டு வாக்கியங்கள் ஓயாமல் வருகின்றன. "முதல் இருபது மணி நேரம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள், பிறகு பிரமாதம்" என்பது ஒன்று. "நான்கு மணி நேரம் ஆடினேன், நகரவே இல்லை, விட்டுவிட்டேன்" என்பது மற்றொன்று. எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே தவறுதான். இரண்டிலும் எழுதியவரின் பொறுமைக்கு மதிப்பெண் விழுந்திருக்கிறது, கேம் அப்படியே கிடக்கிறது.

ஐம்பது முதல் நூறு மணி நேரம் வரை கேட்கும் கேமிடம், அந்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய் என்றுதான் முதலில் கேட்க வேண்டும். 2009 டிசம்பரில் ஜப்பானில் வெளியான ஃபைனல் ஃபேன்டஸி 13-ஐ எடுத்துக்கொள்வோம். முதல் பத்து அத்தியாயங்கள் பெரும்பாலும் ஒரே நேர்ப்பாதை. பதினோராவது அத்தியாயத்தில்தான் கிரான் பல்ஸ் சமவெளி கண்முன் விரிகிறது. "நேர்ப்பாதை, ஆகவே மோசம்" என்று அன்று எழுதியவர்கள் பலர். கதையில் வருகிறவர்கள் அரசுக்குப் பயந்து ஓடுகிறவர்கள், திரும்பிப் பார்க்க நேரமில்லாதவர்கள், பாதை குறுகலாக இருப்பது பொருத்தம்தான் என்று பதில் சொன்னவர்களும் உண்டு. அந்தப் பதிலை ஏற்கலாம். ஆனால் அது பாதி வழக்குக்குத்தான் பதில். அந்தக் கேம் பாதையை மட்டுமா குறுக்குகிறது? சண்டை முறையையும் சொட்டுச் சொட்டாகத்தான் அவிழ்க்கிறது. குழுவில் யார் இருக்க வேண்டும் என்பதைக்கூட நீண்ட நேரம் அதுவே முடிவுசெய்கிறது. தப்பியோடும் கதைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? தீர்ப்பை எழுத வேண்டிய இடம் இது. "இருபது மணி நேரம்" என்ற எண்ணால் இது எதையும் சொல்லிவிட முடியாது.

நேரம் சம்பந்தப்பட்ட இன்னொரு குழி, உருவாக்கியவர்களின் பெயர்ப்பட்டியல் திரையில் ஓடியதும் கேம் முடிந்துவிட்டது என்று நினைத்து எழுத உட்காருவது. 2017-இல் வந்த நியர் ஆட்டோமாட்டாவுக்கு முக்கிய முடிவுகள் ஐந்து, விளையாட்டாகச் சேர்த்தவற்றையும் கூட்டினால் ஆங்கில எழுத்துகளின் கணக்குப்படி இருபத்தாறு. முதல் முடிவு வந்தவுடன் வெளியீட்டு நிறுவனத்தின் விளம்பரத் துறை பேசுவதுபோல ஒரு செய்தி திரையில் வந்து, இன்னும் இருக்கிறது, தொடர்ந்து ஆடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறது. இதற்கு மேல் எப்படித்தான் சொல்வது? இரண்டாம் சுற்றில் அதே சம்பவங்கள் இன்னொருவர் கண்வழியே வருகின்றன. அத்துடன் நிறுத்திக்கொண்டு "திரும்பத் திரும்ப ஒரே கதை" என்று எழுதினால், மூன்றாம் சுற்றில் தொடங்கும் புதுக்கதையைப் பார்க்காமலே தீர்ப்பு வந்துவிடுகிறது. அதே ஆண்டில் வந்த டிராகன் குவெஸ்ட் 11-இலும் பெயர்ப்பட்டியலுக்குப் பிறகு மூன்றாம் பாகம் ஒன்று முழுசாக இருக்கிறது. அது முன்பு பட்ட இழப்புகளின் கனத்தைக் கரைத்துவிடுகிறது என்பது என் கருத்து. வாசகர் மறுக்கலாம். மறுப்பதற்கும் அதை ஆடியிருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் முடித்த பிறகுதான் எழுத வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. கெடு நெருங்கும்போது யாராலும் முடியாது. எதுவரை ஆடினீர்கள் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, அதுவரைக்கும் மட்டும் பேசினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

அடுத்தது, மாறி மாறி முறை எடுத்துத் தாக்கும் சண்டையைப் "பழைய பாணி" என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது. 1986-இல் நின்டெண்டோவின் வீட்டு கேம் கருவியான ஃபேமிகாமுக்காக டிராகன் குவெஸ்டை உருவாக்கிய யூஜி ஹோரீ, தான் விரும்பி ஆடிய விசர்ட்ரி, அல்டிமா போன்ற கணினி கேம்களை, கணினியே இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் ஆடும்படி எளிமையாக்கினார். பட்டியலிலிருந்து கட்டளையைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு அன்று புதியவர்களுக்குத் திறந்த வாசல்.

அது மெத்தனமானது என்பவர்கள் ஷின் மெகாமி டென்செய் 3: நாக்டர்னில் மேட்டடோர் என்ற எதிரியிடம் போய் நிற்கட்டும். எதிரியின் பலவீனம் பார்த்து அடித்தால் கூடுதல் வாய்ப்பு கிடைக்கும். அடி தவறினாலோ, எதிரியிடம் பலிக்கவே பலிக்காத வகையில் அடித்தாலோ கையிலிருக்கும் வாய்ப்புகள் கரையும். இதே விதி எதிரிக்கும் உண்டு. மேட்டடோர் சிவப்புத் துணியை வீசித் தன் வேகத்தை உச்சத்துக்கு ஏற்றிக்கொள்கிறார். அதன் பிறகு உங்கள் அடிகள் காற்றில்தான் போகும், ஒவ்வொரு தவறலும் உங்கள் முறையைத் தின்னும். துணைக்குச் சேர்த்துக்கொள்ளும் பேய்களில் காற்றுத் தாக்குதலுக்குப் பலவீனமானதைக் குழுவில் வைத்திருந்தால் அவருக்குக் கூடுதல் வாய்ப்பையும் நீங்களே பரிசளிக்கிறீர்கள். லெவலை ஏற்றிக்கொண்டு வந்தால் போதும் என்ற பழக்கத்தை உடைக்கும் சண்டை அது. அதில் தோற்றவர் "நியாயமற்ற கடினம்" என்று எழுதுமுன், குழுவை மாற்றிப் பார்த்தாரா என்பதே என் கேள்வி. 2020-இன் யாகுசா: லைக் எ டிராகன் நேரடிச் சண்டையைக் கைவிட்டு இந்த முறைக்கு வந்தது. 2025-இல் பிரான்சிலிருந்து வந்த கிளேர் ஆப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33-உம் இதே முறையில்தான் பெயர் வாங்கியது. பழசு என்பது இங்கே குற்றச்சாட்டே ஆகாது.

மேட்டடோர் நாக்டர்னின் முதல் ஜப்பானியப் பதிப்பில் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். பிறகு வந்த மேனியாக்ஸ் பதிப்பில்தான் சேர்ந்தார், மேற்கு நாடுகளுக்குப் போனதும் அந்தப் பதிப்புதான். எந்தப் பதிப்பை ஆடினோம் என்று எழுதாத விமர்சனம் இந்த வகைக் கேம்களில் பாதி பயனற்றது. 1991-இன் ஃபைனல் ஃபேன்டஸி 4 அமெரிக்காவில் "2" என்ற எண்ணோடு, எளிமையாக்கப்பட்டு வந்தது. அதை ஆடிவிட்டு "சவால் இல்லை" என்றால் எதைச் சொல்கிறார்? 2006-இன் ஃபைனல் ஃபேன்டஸி 12-இல் திறன்களைப் பெற்றுக்கொள்ளும் உரிமப் பலகை எல்லோருக்கும் ஒன்றே என்பதால் கடைசியில் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் ஆகிவிடுவார்கள். 2017-இன் சோடியாக் ஏஜ் பதிப்பில் ஒவ்வொருவருக்கும் தனிப் பலகையுள்ள இரண்டு தொழில்கள், கூடவே வேகத்தைக் கூட்டும் வசதி. பழைய குறையைப் புதியதன் மேல் சுமத்துவதும், புதியதன் சௌகரியத்தைப் பழையதற்குக் கடன் கொடுப்பதும் தினமும் நடக்கின்றன.

கர்ணபரம்பரைக் கதைகளைத் தகவலாக எழுதுவதும் ஒரு வியாதி. கடைசி முயற்சி என்பதால்தான் ஃபைனல் ஃபேன்டஸி என்று பெயர் வந்தது என்பார்கள். ஆங்கிலச் சுருக்கம் "எஃப் எஃப்" என்று அமைய வேண்டும் என்பதே நோக்கம் என்று அதை உருவாக்கிய சகாகுச்சியே பின்னர் சொல்லிவிட்டார். டிராகன் குவெஸ்டை வேலைநாளில் வெளியிடத் தடைச்சட்டம் போட்டார்கள் என்ற கதையும் அப்படித்தான், அப்படி ஒரு சட்டமே கிடையாது.

மதிப்பெண் விஷயத்துக்கு வருவோம். ஜப்பானின் ஃபமிட்சு இதழில் நான்கு பேர் ஆளுக்குப் பத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள். முழு நாற்பதை முதலில் பெற்றது 1998-இன் செல்டா: ஆக்கரினா ஆஃப் டைம். 2011-இல் ஃபைனல் ஃபேன்டஸி 13-2-உம் நாற்பது வாங்கியது. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைப்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. நால்வரும் எட்டு போட்டாலும் முப்பத்திரண்டு, இருவர் பத்தும் இருவர் ஆறும் போட்டாலும் முப்பத்திரண்டு. கூட்டுத்தொகையை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர், இரண்டாவது வகையில் நடந்திருக்கும் சுவையான சண்டையைத் தொலைத்துவிடுகிறார்.

கதையைப் படித்து முடிவெடுத்து ஆடும் அட்வென்ச்சர் கேம்களுக்கு வாய்க்கும் விமர்சனங்கள் இதைவிடப் பரிதாபம். "பட்டனை அழுத்திக்கொண்டே படிக்க வேண்டியதுதான், இதில் ஆட என்ன இருக்கிறது?" என்று முடித்துவிடுகிறார்கள். கேப்காம் நிறுவனத்துக்காக ஷூ தகுமி உருவாக்கிய, வழக்கறிஞராக ஆடும் கியாகுதென் சைபன் 2001-இல் கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவிக்கு வந்தது. அதன் முதல் வழக்கில் ஒரு சாட்சி, மதியம் ஒரு மணிக்குப் பிணத்தைப் பார்த்தேன் என்கிறார். கையிலிருக்கும் பிரேதப் பரிசோதனை அறிக்கையோ, மரணம் நான்கு மணிக்கு மேல் என்கிறது. வாக்குமூலத்தை வரிவரியாகத் தட்டிப் பார்த்து, சரியான வரியில் சரியான சான்றை நீட்ட வேண்டும். ஆட்டம் என்பது அதுதான். விமர்சகர் குறை காண வேண்டிய இடமும் அங்கேதான். முரண்பாடு நமக்கு முன்பே புரிந்துவிட்டாலும், கேம் எதிர்பார்க்கும் அந்த ஒரு வரிக்காகக் காத்திருக்க வேண்டிய கட்டங்கள் இந்தத் தொடரில் வருகின்றன. அவற்றை விட்டுவிட்டு, "எந்த நீதிமன்றத்தில் இப்படி நடக்கும்?" என்று கேட்கிறார்கள். குற்றவழக்குகளில் தொண்ணூற்றொன்பது சதவீதத்துக்கு மேல் தண்டனையில் முடியும் நாட்டில் எழுதப்பட்ட கேலி அது.

சுன்சாஃப்ட் உருவாக்கி 2008-இல் வெளியான 428 என்ற அட்வென்ச்சர் கேமுக்கும் ஃபமிட்சு நாற்பது கொடுத்தது. டோக்கியோவின் ஷிபுயா பகுதி, ஒரே நாள், ஐந்து பேர். ஒருவர் எடுக்கும் சிறு முடிவு இன்னொருவரின் கதையைப் பாதியில் கவிழ்த்துவிடும். ஆங்கிலத்தில் 2018-இல்தான் வந்தது. இதற்கு விமர்சனம் எழுதுகிறவர் கதை நன்றாக இருக்கிறது என்பதோடு நிறுத்தக் கூடாது. கவிழ்ந்த பிறகு யாருடைய எந்த மணிநேரத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதை நம்மாலேயே ஊகிக்க முடிகிறதா, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கிறதா என்று எழுத வேண்டும். குற்றவாளி யார் என்பதை மட்டும் எழுத வேண்டாம்.