பெயர் தெரியாத பூச்சியா? நிறத்தை விடுங்கள், இறக்கையை எண்ணுங்கள்

வீட்டருகே புதிய பூச்சியைக் கண்டால் கண்ணாடி டம்ளரால் மூடி, அடியில் கெட்டி அட்டையைச் செருகி, சில நிமிடங்கள் ஃபிரிட்ஜில் வையுங்கள்; ஃபிரீசரில் வேண்டாம். பூச்சியின் உடல் வெப்பம் சுற்றுப்புறத்தோடு மாறுவது என்பதால் குளிரில் மந்தமாகிவிடும். பிறகு அளவுகோலைப் பக்கத்தில் வைத்து மேலிருந்தும் பக்கவாட்டிலும் படம் எடுத்துக்கொண்டு, கால்களையும் இறக்கைகளையும் நிதானமாக எண்ணலாம்.

எட்டுக் கால் என்றால் அது பூச்சியே அல்ல. சிலந்தி, உண்ணி வகை. ஆறு கால், இரண்டே இறக்கை என்றால் பெரும்பாலும் ஈ இனம். மஞ்சள் கறுப்புப் பட்டையோடு தேனீ வேடம் போடும் ஈக்கள் உண்டு. அவற்றுக்குக் கொடுக்கு கிடையாது, வீணாகப் பயப்படுகிறோம். தேனீக்கும் குளவிக்கும் இறக்கை நான்கு. ஆனால் முன்னிறக்கையும் பின்னிறக்கையும் நுண்ணிய கொக்கிகளால் கோத்திருப்பதால் இரண்டு போலவே தெரியும். சந்தேகம் வந்தால் உணர்கொம்பைப் பாருங்கள்: தேனீக்கு நீண்டு மடங்கியிருக்கும், இந்த ஈக்களுக்குக் குட்டையாக இருக்கும்.

புழுக்களுக்கும் கம்பளிப்பூச்சிகளுக்கும் இந்தக் கணக்கு உதவாது. எந்தச் செடியின் இலையைத் தின்கிறது என்று குறித்துக்கொள்வதே அங்கே நல்ல துப்பு. கம்பளிப்பூச்சியின் முடி சருமத்தில் அரிப்பைக் கிளப்பலாம், தொடாதீர்கள். குளவிக்கூட்டின் அருகே டம்ளரோடு போகவே வேண்டாம். தூரத்தில் நின்று ஜூம் செய்து எடுத்த படமே போதும்.