வெள்ளீயத்தோடு வெள்ளீயத்தைப் பிணைக்க ஈனியை எப்படித் தேர்வது

கன உலோக அணுக்கள் இரண்டு சேர்ந்த சேர்மம் ஒன்றைப் பார்த்ததும் பெரும்பாலோர் முதலில் தேடுவது பிணைப்பு நீளத்தைத்தான். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஈனியைப் பாருங்கள். உலோக அணுவோடு பிணைந்து அதைச் சூழ்ந்து நிற்கும் தொகுதிதான் ஈனி, லேபில் எல்லோரும் லிகண்ட் என்றுதான் சொல்வோம், இரண்டும் ஒன்றே. அதிலும் உலோகத்தை ஒட்டியிருக்கும் பகுதியோடு நின்றுவிடாமல், பின்பக்கம் தொங்கும் சின்னத் தொகுதி வரை பாருங்கள்.

ஏன் என்றால், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் வேதியியலாளர் ஃபிலிப் பவரின் குழு செய்த இரண்டு சேர்மங்களைச் சொல்கிறேன். இரண்டிலும் ஈனி டெர்ஃபீனைல் வகை: நடுவில் ஒரு பென்சீன் வளையம், அதன் 1ஆம் இடத்தில் வெள்ளீயம், 2, 6 இடங்களில் ஐசோபுரோப்பைல் தொகுதிகள் தாங்கிய இரண்டு வளையங்கள், வெள்ளீயத்துக்கு இருபுறமும் சுவர் எழுப்பினது மாதிரி நிற்கும். 2002இல் வந்த முதல் சேர்மத்தில் இரண்டு வெள்ளீய அணுக்களுக்கு இடையே 2.67 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), கார்பன்–வெள்ளீயம்–வெள்ளீயம் கோணம் 125 டிகிரி. 2006இல் நடு வளையத்தின் 4ஆம் இடத்தில், அதாவது வெள்ளீயத்திலிருந்து ஏறக்குறைய 5 ஆங்ஸ்ட்ராம் தள்ளி, ஒரு டிரைமெத்தில்சிலைல் தொகுதியை (ஒரு சிலிக்கானில் மூன்று மெத்தில்) மட்டும் சேர்த்தார்கள். நீளம் 3.07 ஆகிவிட்டது, கோணம் 99 டிகிரிக்கு இறங்கிவிட்டது! சாதாரண ஒற்றைப் பிணைப்புக்குச் சாம்பல் வெள்ளீயத்தில் இருக்கும் 2.81ஐ அளவுகோலாக வைத்துக்கொண்டால், ஒன்று அதைவிடக் குட்டை, மற்றது அதைவிட நெட்டை. படித்த அன்று இரண்டு கட்டமைப்புக் கோப்புகளையும் மெர்க்குரி என்ற படிகவியல் மென்பொருளில் பக்கத்துப் பக்கத்தில் திறந்து, கார்பன், வெள்ளீயம், வெள்ளீயம் என்று வரிசையாகக் கிளிக் செய்து கோணத்தை நானே அளந்து பார்த்த பிறகுதான் நம்பினேன். நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள்.

காரணம் வெள்ளீயத்தின் குணம்தான். தனிம அட்டவணையில் கீழே போகப் போக எஸ் ஆர்பிட்டாலும் பி ஆர்பிட்டாலும் (அணுவில் எலக்ட்ரான்கள் இருக்கும் இடங்கள்) அளவில் விலகிவிடுவதால் அவை எளிதில் இனக்கலப்பு அடையாது, அதாவது ஒன்றோடொன்று கலக்காது. எஸ் எலக்ட்ரான்கள் தனித்த இரட்டையாக ஒதுங்கிக்கொள்ள, பி ஆர்பிட்டால்கள் மட்டும் பிணைந்தால் கோணம் 90ஐ நெருங்கும், கிடைப்பது ஒற்றைப் பிணைப்பு. கோணம் விரிந்திருந்தால் பல்பிணைப்புத் தன்மை இருக்கிறது என்று பொருள். வெள்ளீயத்தில் இந்த இரண்டு நிலைகளுக்கும் ஆற்றல் வித்தியாசம் மிகக் குறைவு, மூலக்கூறுகள் படிகத்துக்குள் அடுக்கப்படும் விதம் மாறினாலே ஒன்று மற்றதாகிவிடும். அதனால் நீளத்தை மட்டும் எழுதி வைக்காதீர்கள், பக்கத்திலேயே கோணத்தையும் எழுதுங்கள். காரீயத்தில் இந்த ஊசலாட்டம் குறைவு: 2000இல் இதே குழு இன்னும் பருமனான டெர்ஃபீனைலை வைத்துச் செய்ததில் 3.19 ஆங்ஸ்ட்ராம், 94 டிகிரி, தெளிவான ஒற்றைப் பிணைப்பு.

சரி, பருமனை எப்படி முடிவு செய்வது? ஈனி சின்னதாக இருந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று கூடிக்கொண்டே போய்க் கொத்தாகவோ உலோகமாகவோ முடியும். ரொம்பப் பெரிதானால் இரண்டும் நெருங்கவே முடியாது. ஆனால் பருமன் என்றாலே தள்ளிவிடும் என்று நினைப்பது பாதி உண்மைதான், எதிரெதிரே இருக்கும் ஐசோபுரோப்பைல், சிலைல் தொகுதிகளின் ஹைட்ரஜன்கள் ஒன்றையொன்று மெல்ல இழுக்கவும் செய்யும். ஒவ்வொரு இழுப்பும் சின்னது, எண்ணிக்கையில் அதிகம். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் மைக்கேல் லாப்பர்ட் 1970களில் செய்த டிஸ்டானீனில் (இரண்டு வெள்ளீய அணுக்கள் இணைந்த சேர்மம்), ஒவ்வொரு வெள்ளீயத்திலும் இரண்டு பிஸ்(டிரைமெத்தில்சிலைல்)மெத்தில் தொகுதிகள். படிகத்தில் 2.77 ஆங்ஸ்ட்ராமில் சேர்ந்திருக்கும், கரைசலில் போட்டால் பிரிந்துவிடும். சேர்ந்திருப்பதற்கே இந்தச் சின்ன இழுப்புகள் பெரிய காரணம் என்று பிற்காலக் கணக்கீடுகள் காட்டின. ஆகவே கணினியில் மாதிரி போடும்போது ஈனியை வெட்டி மெத்தில் ஆக்கிவிடாதீர்கள், இந்தச் சின்ன இழுப்புகளைக் கணக்கில் சேர்க்கும் விரவல் விசைத் திருத்தத்தையும் விட்டுவிடாதீர்கள். அந்த இரண்டில் ஒன்று போனாலும் விடை வேறாகிவிடும்.

தயாரிப்பைப் பொறுத்தவரை, டெர்ஃபீனைல் வெள்ளீயக் குளோரைடைப் பொட்டாசியத்தால் ஒடுக்குவதுதான், அதாவது எலக்ட்ரான் கொடுத்துக் குளோரினை நீக்குவதுதான் வழக்கம். ஒரு வெள்ளீயத்துக்கு ஒரு பொட்டாசியம், அதற்கு மேல் போகக் கூடாது. கூடினால் எலக்ட்ரான் உள்ளே ஏறி எதிரயனி ஆகிவிடும், நீங்கள் அளப்பது வேறொரு பிணைப்பாக இருக்கும். எல்லாம் குளோவ் பாக்ஸுக்குள்ளேயே (காற்றும் ஈரமும் புகாத கையுறைப் பெட்டி), உலர்ந்த கரைப்பானில்.

கடைசியாக, படிகம் கிடைத்த மகிழ்ச்சியில் வேலையை நிறுத்திவிடாதீர்கள். அதே மாதிரியைக் கரைத்துப் புற ஊதா–கண்ணுறு நிறமாலை ஒன்று எடுங்கள், முடிந்தால் வெள்ளீயம்-119 என்.எம்.ஆரும் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலை) எடுங்கள். பவர் குழுவின் டெர்ஃபீனைல் காலியம், இண்டியம், தாலியம் இரட்டைகள் படிகத்தில் சேர்ந்திருந்தாலும் ஹைட்ரோகார்பன் கரைசலில் ஒற்றை ஒற்றையாகப் பிரிந்துவிடுகின்றன. உங்கள் குடுவையில் எது இருக்கிறது என்பதைக் கரைசல்தான் சொல்லும்.