அமெரிக்க டிவிடியை இந்தியக் கணினியில் ஓட்டிய விதம்

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த டிவிடியை என் மடிக்கணினியில் போட்டபோது, தட்டு சுழலும் ஓசை கேட்டதே தவிரப் படம் ஓடவில்லை; ரீஜன் பொருந்தவில்லை என்ற அறிவிப்புதான் வந்தது. டிவிடி முறையில் உலகை ரீஜன் என்ற எண்ணிட்ட மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள்: அமெரிக்காவும் கனடாவும் 1-ஆம் ரீஜன், இந்தியா 5-ஆம் ரீஜன். தட்டில் பதிந்த எண்ணும் டிரைவில் உள்ள எண்ணும் ஒத்துப்போனால்தான் படம் திறக்கும்.

விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் டிரைவின் பெயரை இருமுறை சொடுக்கி, 'டிவிடி ரீஜன்' பகுதிக்குச் சென்றால், நடப்பு ரீஜனையும் இன்னும் எத்தனை முறை மாற்றலாம் என்பதையும் காணலாம். மொத்தம் 5 முறைதான் மாற்ற முடியும்; அந்தக் கணக்கு டிரைவின் ஃபர்ம்வேரிலேயே, அதாவது டிரைவுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளில், பதிவாவதால், விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவினாலும் அது திரும்பி வராது, கடைசியாகத் தேர்ந்த ரீஜனே நிலைத்துவிடும். காசு கொடுத்து வாங்கிய தட்டுக்கு இவ்வளவு கெடுபிடி தேவையா என்பது வேறு விஷயம்.

வி.எல்.சி. என்ற வீடியோ ஓட்டும் மென்பொருள் பல டிரைவ்களில் ரீஜனை மாற்றாமலே படத்தை ஓட்டிவிடும். என் டிரைவ் அதற்கும் மசியவில்லை. ஆகவே, யுஎஸ்பியில் இணைக்கும் டிவிடி டிரைவ் ஒன்றைத் தனியே வாங்கி, அதை 1-ஆம் ரீஜனுக்கு மாற்றி, மடிக்கணினியின் டிரைவை 5-லேயே விட்டுவிட்டேன். இப்போது இரு வகைத் தட்டுகளும் ஓடுகின்றன. புளூ-ரேவுக்கு ஏ, பி, சி என்ற வேறு பிரிவுகள் இருப்பதால், இந்தத் தீர்வு டிவிடிக்கு மட்டுமே.