புதிய அணியின் முதல் காரை எடைபோடுவது எப்படி?

ஃபார்முலா 1-ல் புதிதாக நுழைந்த அணியின் கார் கடைசியில் வந்தது என்பது செய்தியே அல்ல. எதனால் கடைசியில் வந்தது என்று கண்டுபிடிப்பதில்தான் சுவை இருக்கிறது. அதைச் செய்யாமல் முதல் பந்தயம் முடிந்த கையோடு "டப்பா கார்" என்று தீர்ப்பெழுதிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும். நான் கோவையில் பட்டறை நடத்துகிறவன். ஒரு ஜாப் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தால், டிராயிங் தப்பா, இரும்பு தப்பா, மெஷின் தப்பா, ஆள் தப்பா, இல்லை அவகாசமே கொடுக்காமல் வாங்கிக்கொண்டு போனார்களா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவோம். பந்தயக் காரையும் அப்படித்தான் பார்க்கிறேன். இதற்குத் தேவை ஒரு நோட்டு, கைபேசியில் உள்ள கால்குலேட்டர், இந்தப் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஐஏ ஒவ்வொரு பந்தயத்துக்கும் வெளியிடும் நேரப் பட்டியல்கள். அவ்வளவுதான்.

செய்முறைக்கு ஒரு காரை எடுத்துக்கொள்வோம். 2010-ல் வந்த ஹிஸ்பானியா அணியின் எஃப்110. சென்னைக்காரரான கருண் சந்தோக் ஃபார்முலா 1-ல் அறிமுகமானது இதில்தான் என்பதால் நம் ஊரில் பலருக்கு நினைவிருக்கும். அவருடைய சக ஓட்டுநர் புரூனோ சென்னா.

காரைப் பார்ப்பதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள். அணி எப்போது உறுதியானது, கார் எப்போது அறிமுகமானது, பந்தயத்துக்கு முன் சோதனை ஓட்டத்தில் கலந்துகொண்டதா? இந்த மூன்று கேள்விக்கும் பதில் எழுதிவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். எஃப்110-ன் கதை இது: அணியைத் தொடங்கியவர் முன்னாள் ஓட்டுநர் ஆட்ரியன் காம்போஸ். பணம் திரட்ட முடியவில்லை. 2010 பிப்ரவரியில் ஹோசே ரமோன் கராபான்டே என்ற தொழிலதிபர் அணியைக் கையில் எடுத்தார், கொலின் கோலஸ் நிர்வாகத்துக்கு வந்தார். மார்ச் 4 அன்று ஸ்பெயினின் முர்சியாவில் கார் அறிமுகம். மார்ச் 12, வெள்ளிக்கிழமை, பஹ்ரைனில் முதல் பயிற்சி ஓட்டம். நடுவில் ஒரு வாரம்தான். சோதனை ஓட்டம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை.

அடுத்து, வேகத்தைப் பார்க்காதீர்கள், சுற்றுகளை எண்ணுங்கள். புதிய அணியை அளப்பதில் பெரும்பாலோர் தலைகீழாகச் செய்வது இதைத்தான். எஃப்ஐஏ பட்டியலில் ஒவ்வொரு ஓட்டுநரின் பெயருக்குக் கீழும் சுற்று எண்ணும் நேரமும் வரிசையாக இருக்கும். பிட்டுக்குள், அதாவது அணிகள் காரைப் பழுதுபார்க்கும் கொட்டகைப் பக்கம், திரும்பிய சுற்றுக்குப் பக்கத்தில் 'பி' என்ற ஆங்கில எழுத்து நிற்கும். வெளியே போய் ஒரே சுற்றில் திரும்பியிருந்தால், அது எண்ணெய் கசிகிறதா, தண்ணீர் கசிகிறதா, கியர் விழுகிறதா என்று பார்ப்பதற்கான ஓட்டம். நல்ல நிலையில் இருக்கும் அணி இப்படி ஒருமுறை செய்துவிட்டு, பிறகு நான்கைந்து சுற்றுகளாகத் தொடர்ந்து ஓட்டும். பயிற்சி முழுக்க 'பி', 'பி' என்றே வந்தால் அந்த அணி இன்னும் ஓட்டத்துக்கே வரவில்லை, கொட்டகையில்தான் இருக்கிறது என்று பொருள். பஹ்ரைனில் முதல் பயிற்சியில் சென்னா ஓட்டியது மூன்றே சுற்று. சந்தோக்கின் பெயருக்கு எதிரே மூன்று பயிற்சிகளிலும் ஒன்றுமில்லை. கார் பூட்டி முடிக்கப்படவே இல்லை. பந்தயம் தொடங்கும்போது யார் எந்த இடத்தில் நிற்பது என்பதை முடிவுசெய்யும் சனிக்கிழமை தகுதிச்சுற்றில்தான் அவர் அந்தக் காரை முதன்முதலாக நகர்த்தினார். உலகமே பார்க்க, கடிகாரம் ஓட, முன்பின் ஓட்டியிராத காரில். இந்த ஒரு தகவலை வைத்துக்கொள்ளாமல் அவருடைய நேரத்தைப் படிப்பவர் எதையும் படித்ததாகாது.

இப்போது கால்குலேட்டரை எடுங்கள். தகுதிச்சுற்றின் முதல் பகுதியில் யார் வேகமோ அவர் நேரத்தை விநாடியாக மாற்றி 1.07-ஆல் பெருக்குங்கள். 107 சதவீத விதி என்பது இதுதான். இந்தக் கோட்டுக்குள் வராத கார் பந்தயத்தில் கலந்துகொள்ள வேண்டுமானால் நடுவர்கள் மனமிரங்க வேண்டும். 2010-ல் அந்த விதி நடைமுறையில் இல்லை. ஆனாலும் அளவுகோலாக அது எந்த ஆண்டுக்கும் உதவும். பஹ்ரைனில் முதல் பகுதியில் வேகமானவர் ஃபெராரியின் அலோன்சோ, 1 நிமிடம் 54.612 விநாடி, அதாவது 114.612. பெருக்கினால் 122.635, அதாவது 2 நிமிடம் 2.635. சென்னா ஓட்டியது 2 நிமிடம் 3.240, சந்தோக் 2 நிமிடம் 4.904. இருவருமே கோட்டுக்கு வெளியே. விதி இருந்திருந்தால் இரண்டு கார்களும் நடுவர்களின் கருணையை நம்பித்தான் நின்றிருக்கும். விநாடிக் கணக்கைவிட இந்தச் சதவீதக் கணக்கு நல்லது. பஹ்ரைனில் அந்த ஆண்டு ஒரு சுற்று 6.299 கிலோமீட்டர், அங்கே எட்டு விநாடி பின்தங்குவதும் சுற்று மிகச் சிறிதான மொனாக்கோவில் எட்டு விநாடி பின்தங்குவதும் ஒன்றல்ல.

இனிதான் உண்மையான வேலை: அதே எஞ்சின் வேறு யாரிடம் இருக்கிறது என்று தேடுங்கள். 2010-ல் காஸ்வொர்த் எஞ்சினை வாங்கியவை நான்கு அணிகள்: வில்லியம்ஸ், லோட்டஸ், வர்ஜின், ஹிஸ்பானியா. பின்னால் சொன்ன மூன்றும் புதியவை. மூன்றுக்கும் கியர்பாக்ஸ் எக்ஸ்ட்ராக் நிறுவனத்துடையது. டயர் எல்லோருக்கும் பிரிட்ஜ்ஸ்டோன். இப்படி அமைவது அபூர்வம். பஹ்ரைன் தகுதிச்சுற்றில் வில்லியம்ஸின் பாரிசெல்லோ 11-வது இடம். ஆக எஞ்சின் மேல் பழிபோட வழியில்லை. வர்ஜினின் குளோக் 1 நிமிடம் 59.728, லோட்டஸின் ட்ரூல்லி 1 நிமிடம் 59.852. முன்வரிசையிலிருந்து புதிய அணி ஒன்று பின்தங்கும் தூரம் ஏறக்குறைய ஐந்து விநாடி என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். சென்னா அதற்கும் மூன்றரை விநாடி பின்னால். லோட்டஸும் வர்ஜினும் பிப்ரவரியில் சோதனை ஓட்டம் நடத்தியிருந்தன. அந்த மூன்றரை விநாடியில் பெரும்பங்கை நான் நாட்காட்டியின் கணக்கில் எழுதுகிறேன்.

மிச்சத்தைக் கண்டுபிடிக்க ஸ்பீட் ட்ராப் பட்டியல், அதாவது நேர்ச்சாலையில் ஒவ்வொரு காரும் எட்டிய வேகத்தின் பட்டியல் உதவும். நேர்ச்சாலையில் மற்றவர்களுக்கு ஈடாக ஓடிவிட்டு சுற்றில் வளைவுகள் நிறைந்த பகுதியில் (செக்டரில்) நேரத்தை இழந்தால், காரைத் தரையோடு அழுத்தும் காற்றுவிசை, அதாவது டவுன்ஃபோர்ஸ் போதவில்லை. இரண்டிலுமே இழந்தால் காற்றைக் கிழிக்கவும் தெரியாத, பிடிக்கவும் தெரியாத வடிவம். அது கடினமான நோய். ஒரு எச்சரிக்கை: பந்தயத்தின் ஸ்பீட் ட்ராப் கணக்கை நம்பாதீர்கள். முன்னால் போகும் காரின் பின்காற்றில் ஒட்டிக்கொண்டு போனால் யாருக்கும் வேகம் கூடும். தகுதிச்சுற்றின் கணக்கே போதும்.

மெதுவான கார் வேறு, உடைகிற கார் வேறு. 1999-ல் பிஏஆர் அணி வந்த வரவு நினைவிருக்கிறதா? பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவின் பணம், முன்னாள் உலக சாம்பியன் ஜாக் வில்நெவ், முதல் பந்தயத்திலேயே வெல்வோம் என்ற பேச்சு. மெல்போர்னில் பின் இறக்கை முறிந்து வில்நெவ் வெளியேறினார். அதிலிருந்து தொடர்ந்து 11 பந்தயங்களில் அவர் முடிவுக்கோட்டையே பார்க்கவில்லை. ஆண்டு முழுக்க அணிக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. ஆனால் இமோலா தகுதிச்சுற்றில் அதே காரை ஐந்தாவது இடத்தில் நிறுத்தியிருந்தார். வடிவத்தில் விஷயம் இருந்தது, பாகங்கள் தாங்கவில்லை. இந்த வகைக் காரை ஏளனம் செய்யும்போது கொஞ்சம் நாவடக்கம் தேவை. மறுபக்கம் 1997-ன் லோலா டி97/30. மெல்போர்ன் தகுதிச்சுற்றில் முதலிடம் 1 நிமிடம் 29.369, லோலாவின் சோஸ்பிரி 1 நிமிடம் 40.972, ரொசெட் 1 நிமிடம் 42.086. இரண்டு கார்களும் 107 சதவீதக் கோட்டுக்குள் வரவில்லை. அடுத்த பந்தயத்துக்கு பிரேசில் வரை போய், ஓட்டாமலே அணி கடையை மூடியது. 1998-ல் வர வேண்டியதை ஓராண்டு முன்னதாக இழுத்துக்கொண்டு வந்ததன் பலன்.

டிராயிங்கே தப்பு என்றும் சில நேரம் தெளிவாகச் சொல்லலாம், ஆதாரம் இருந்தால். வர்ஜின் விஆர்-01-ஐ நிக் வெர்த் காற்றுச் சுரங்கமே இல்லாமல் முழுக்கக் கணினியில் வடிவமைத்தார். அதைத்தான் எல்லோரும் கிண்டல் செய்தார்கள். கார் அகப்பட்ட இடம் வேறு. 2010-ல் பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்பத் தடை வந்துவிட்டது. வர்ஜினின் டேங்க்கோ முழுப் பந்தயத்துக்கும் போதாத அளவில் இருந்தது. உடலையே மாற்றிச் செய்ய எஃப்ஐஏ-யிடம் அனுமதி வாங்க வேண்டியதாயிற்று. இது வரைபலகையில் நடந்த பிழை, சந்தேகமே இல்லை.

எஃப்110 விஷயத்தில் அப்படிச் சொல்ல எனக்குக் கை வரவில்லை. காரணம், அதன் உடலைச் செய்து கொடுத்தது இத்தாலியின் டல்லாரா நிறுவனம். ஆறு ஆண்டு கழித்து ஹாஸ் அணியின் முதல் காருக்கு உடல் செய்ததும் அதே டல்லாராதான். அந்தக் கார் 2016-ல் மெல்போர்னில், முதல் பந்தயத்திலேயே குரோஷானின் கையில் ஆறாவதாக வந்தது. ஹாஸுக்கு ஃபெராரியிடமிருந்து எஞ்சின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் எல்லாம் கிடைத்தது; நுழைவை ஓராண்டு தள்ளிப்போட்டுத் தயார் செய்யும் பொறுமையும் பணமும் இருந்தன. எனவே யார் செய்தது என்று கேட்பதோடு நிற்காமல், செய்தவருக்கு என்ன கொடுத்தார்கள் என்றும் கேளுங்கள்.

ஓட்டுநரைக் கடைசியில் பாருங்கள். பஹ்ரைனில் சந்தோக் சென்னாவைவிட 1.664 விநாடி மெதுவு. பயிற்சியில் ஓட்டியவருக்கும் ஓட்டாதவருக்கும் இடையிலான வித்தியாசம் அது, திறமையின் அளவல்ல. பந்தயத்தில் இரண்டாவது சுற்றிலேயே ஒரு மேட்டில் தூக்கிப்போட்டு சந்தோக் சுவரில் மோதினார். சென்னாவின் கார் 17 சுற்று தாங்கியது. இரண்டு வாரம் கழித்து மெல்போர்னில் சந்தோக் ஐந்து சுற்று பின்தங்கினாலும் முடித்தார்: 14-வது இடம். மலேசியாவில் இருவருமே முடித்தார்கள். இப்படிப்பட்ட காரை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் ஓட்டுநரின் வேலைதான் என்பதை நோட்டில் தனியாகக் குறித்து வையுங்கள்.

தீர்ப்பை எப்போது எழுதலாம்? அன்றைய கால அட்டவணையில் ஐரோப்பாவின் முதல் பந்தயம் ஸ்பெயினில். அணிகள் புதிய பாகங்களைக் கொண்டுவருவது அங்கேதான். 2010-ல் லோட்டஸ் கொண்டுவந்தது. வர்ஜின் பெரிய டேங்க் வைத்த உடலை குளோக்குக்குக் கொடுத்தது. ஹிஸ்பானியாவிடம் சொல்லும்படி எதுவும் இல்லை. அந்த மாதமே டல்லாராவுடனான உறவும் முறிந்தது. ஆண்டு முடியும்வரை கார் ஏறக்குறைய பஹ்ரைனில் இருந்தபடியேதான் இருந்தது. என் நோட்டில் எஃப்110-க்கு எதிரே 'கைவிடப்பட்டது' என்று எழுதியிருக்கிறேன், 'மோசம்' என்று அல்ல. மறு ஆண்டும் இதே பாட்டு. 107 சதவீத விதி திரும்பி வந்த 2011 மெல்போர்னில் தேவையான நேரம் 1 நிமிடம் 31.266, ஹிஸ்பானியாவின் லியுட்ஸி 1 நிமிடம் 32.978, அவருடைய சக ஓட்டுநரான நம் நரேன் கார்த்திகேயன் 1 நிமிடம் 34.293. இருவரும் வெளியே. அடுத்த பந்தயத்தில், மலேசியாவில், இருவரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

இன்னொன்று. ஆண்டு முடிவில் அணிகளின் புள்ளிப் பட்டியலை வைத்துப் புதியவர்களை ஒப்பிடாதீர்கள். 2010-ல் புதிய அணிகள் மூன்றுமே பூஜ்யம். புள்ளி இல்லாதபோது சிறந்த இடத்தை வைத்து வரிசைப்படுத்துவார்கள். அந்தக் கணக்கில் ஹிஸ்பானியா 11-வது, அதைவிட வேகமான வர்ஜின் 12-வது.